மெஸ்ஸியின் ஜேர்சி நம்மிடம் இருக்கிறது. அந்த நாட்டின் பாட்டு?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவில் ஆறுதலாக வாசியுங்கள்.

2022 டிசம்பர் 18 இரவு ஊரில் யாருக்கும் மறக்காது. மைதானத்தில் பெரிய திரை கட்டி உலகக் கிண்ண இறுதிப் போட்டி பார்த்தோம். மொன்டியலின் கடைசிப் பெனால்டி வலைக்குள் போனதும் யார் யாரைக் கட்டிப் பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. என் வகுப்பில் ஒரு நாளும் வாய் திறக்காத பிள்ளை ஒன்று என் தோளில் ஏறி நின்று கத்தியது.

அடுத்த வாரம் அதே பிள்ளை ஃபோனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டியது. உடைமாற்றும் அறையில் வீரர்கள் குதித்துக் குதித்து ஒரு பாட்டுப் பாடுகிறார்கள்.

"சேர், என்ன பாடுறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லித் தப்பிக்கும் வசனம்தான். ஆனால் அன்று உண்மையிலேயே தேடினேன். அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

அந்தப் பாட்டின் பெயர் 'முச்சாச்சோஸ்'. பையன்களே என்று அர்த்தம். 'லா மொஸ்கா' என்ற இசைக்குழு பல வருடங்களுக்கு முன் பாடிய காதல் தோல்விப் பாட்டின் மெட்டு அது. 2021இல் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் வைத்து ஆர்ஜென்டீனா கோபா அமெரிக்கா கிண்ணத்தை வென்ற பிறகு, ரசிகர் ஒருவர் அந்த மெட்டுக்குப் புதிய வரிகள் எழுதினார். அது பரவி, அந்த இசைக்குழுவே புதிய வரிகளோடு திரும்பப் பதிவு செய்தது. எழுதிய ரசிகர் யார் தெரியுமா? ஒரு பாடசாலை ஆசிரியர்! இதை வாசித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை சக ஆசிரியர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொன்று. மரடோனாவும் மெஸ்ஸியும் வருகிற அந்தக் கொண்டாட்டப் பாட்டுக்குள் மல்வினாஸ் பையன்களும் வருகிறார்கள். நாம் போக்லாந்து என்று சொல்லும் தீவுகளுக்காக 1982இல் பிரித்தானியாவோடு நடந்த போரில் இறந்த பிள்ளைகள். நாற்பது வருடத்துக்குப் பிறகு ஒரு கால்பந்துப் பாட்டில் அவர்களை ஏன் நினைக்க வேண்டும்? அந்தக் கேள்வி என்னை அந்த நாட்டின் ரொக் இசைக்குள் கொண்டுபோய் விட்டது. அங்கே அதற்கு 'ரொக் நசியோனல்', அதாவது தேசிய ரொக் என்று பெயர்.

தொடங்க முன் ஒன்று. இசை பற்றி நமக்குள் மார்க்க ரீதியான கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன. அந்த விவாதத்தை நான் இங்கே திறக்கவில்லை. கேட்க விரும்பாதவர்கள் இதை ஒரு நாட்டின் வரலாறாக வாசியுங்கள். வாசிப்பதற்கும் இதில் நிறைய இருக்கிறது.

*

1960களில் ஆர்ஜென்டீனாவிலும் இளைஞர்கள் பீட்டில்ஸ் பாட்டுகளுக்கு மயங்கிக் கிடந்தார்கள். ரொக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும், ஸ்பானிஷ் மொழி அதற்குச் சரிவராது என்றுதான் பலரும் நம்பினார்கள். ஸ்பானிஷில் வந்தவையும் பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டுகளின் மொழிபெயர்ப்புகள், அல்லது ஆடுவதற்கான இலேசான பாட்டுகள்.

1967இல் அது மாறியது. புவனஸ் அயர்ஸ் நகரில் ஒன்சே என்ற பகுதியில் 'லா பெர்லா' என்றொரு கோப்பிக் கடை. விடிய விடிய இளைஞர்கள் கூடும் இடம். கடைக்குள் கிற்றார் வாசிக்க முடியாது என்பதால் இரண்டு பையன்கள் கழிவறைக்குள் போய் ஒரு பாட்டுக் கட்டினார்கள். ஒருவர் லித்தோ நெபியா, மற்றவர் தங்கித்தோ. பாட்டின் பெயர் 'லா பல்சா', தெப்பம். மரங்களைச் சேர்த்து ஒரு தெப்பம் செய்து எங்காவது போய்விட வேண்டும் என்ற ஏக்கம்தான் பொருள். நெபியாவின் 'லொஸ் கத்தோஸ்' குழு அதை இசைத்தட்டாக வெளியிட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேல் விற்றது.

ஒரு வருடத்துக்கு முன்புதான், 1966இல், ஜெனரல் ஒங்கனியா ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார். பல்கலைக்கழகங்களுக்குள் பொலிஸ் புகுந்து அடித்தது. நீளமாக முடி வளர்த்த பையன்களை வீதியில் பிடித்து உள்ளே போட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு தெப்பம் கட்டிப் போய்விடுவோம் என்று தன் மொழியில் ஒருவன் பாடினால் அது எத்தனை பேரின் மனதில் இருந்ததாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு கதவு திறந்துவிட்டது. 'மனால்' என்ற மூவர் குழு அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை எடுத்து, தங்கள் நகரின் தெற்கே இருக்கும் அவெஷனேதா என்ற தொழிற்சாலைப் புறநகரைப் பற்றிப் பாடியது. மிசிசிப்பி ஆற்றைப் பற்றி அவர்கள் பாடவில்லை. தங்களுக்குத் தெரிந்த ரயில் பாதை, லொறி, எண்ணெய் படிந்த மண். இரவல் வாங்கிய வடிவத்துக்குள் சொந்த வாழ்க்கை.

ஒரே பாடசாலையில் படித்த பையன்கள் சேர்ந்து தொடங்கிய 'அல்மேந்த்ரா' குழுவில் லூயிஸ் அல்பெர்டோ ஸ்பினெட்டா இருந்தார். அவர்களின் முதல் அல்பத்துக்கு அட்டைப்படத்தை ஸ்பினெட்டாவே வரைந்தார். கண்ணீர் விடும் ஒரு கோமாளி மனிதன். இசைத்தட்டுக் கம்பனிக்குப் பிடிக்கவில்லை, படத்தைத் தூக்கி வீசிவிட்டார்கள். அவர் திரும்பவும் அதே படத்தை வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் படத்தோடுதான் அல்பம் வந்தது. அதற்குள் இருக்கும் 'முச்சாச்சா, ஓஹோஸ் தெ பப்பெல்' (காகிதக் கண்கள் உள்ள பெண்ணே) என்ற மெல்லிய பாட்டை அந்நாட்டில் தெரியாதவர்கள் இல்லை.

அதே ஸ்பினெட்டா 1973இல், 23 வயதில், பிரெஞ்சுக் கவிஞர் அர்த்தோவின் பெயரை வைத்து ஒரு அல்பம் செய்தார். 2007இல் ரோலிங் ஸ்டோன் சஞ்சிகையின் ஆர்ஜென்டீனப் பதிப்பு அந்நாட்டின் மிகச் சிறந்த நூறு ரொக் அல்பங்களைத் தெரிவுசெய்தபோது முதலாம் இடம் அதற்குத்தான். 2012இல் அவர் காலமானார். அவர் பிறந்த ஜனவரி 23 இன்று அங்கே தேசிய இசைக்கலைஞர் தினம்.

*

இன்னொரு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சார்லி கார்சியா. பாடசாலை நண்பர் நீத்தோ மெஸ்ட்ரேயோடு சேர்ந்து 'சூயி ஜெனரிஸ்' என்ற குழுவை நடத்தினார். கிற்றார், பியானோ, புல்லாங்குழல், இரண்டு குரல்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளின் பயமும் காதலும்தான் பாடுபொருள். 1972இல் முதல் அல்பம்.

1974இல் அவர்கள் குடும்பம், நீதிமன்றம், இராணுவம் என்று நிறுவனங்களைப் பற்றியே ஒரு அல்பம் செய்தார்கள். அப்போது நாடு கெட்டுக்கொண்டிருந்தது. வலதுசாரி ஆயுதக் குழுக்கள் கலைஞர்களைக் கொல்வதாக மிரட்டிய காலம். பயத்தில் இரண்டு பாட்டுகள் அல்பத்திலிருந்து எடுக்கப்பட்டன. ஒன்று பொலிஸ் அடக்குமுறை பற்றியது, மற்றது இராணுவ சப்பாத்துகள் பற்றியது. வேறு சில பாட்டுகளின் வரிகள் மாற்றப்பட்டன. 1975 செப்டம்பர் 5ஆம் திகதி லூனா பார்க் அரங்கில் ஒரே இரவில் இரண்டு நிகழ்ச்சிகள் நடத்தி அந்தக் குழு விடைபெற்றது. அதுவரை ரொக் இசைக்கு அந்நாடு அப்படியொரு கூட்டத்தைக் கண்டதில்லை.

ஆறு மாதம் கழித்து, 1976 மார்ச் 24, இராணுவம் முழு ஆட்சியையும் கைப்பற்றியது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. இரவில் வீட்டுக்கு வருவார்கள். கூட்டிக்கொண்டு போவார்கள். பிறகு எந்தப் பொலிஸ் நிலையத்திலும் பெயர் இருக்காது. ஜனநாயகம் திரும்பிய பின் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 8,961 பேரின் விபரத்தைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 பேர் என்கின்றன. 1977 ஏப்ரலில் பதினான்கு தாய்மார் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் இருக்கும் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தார்கள். கையில் படத்தோடு வீதியோரம் குந்தியிருக்கும் தாய்மாரை நம் நாட்டில் வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் பார்த்த எவருக்கும் இந்தக் காட்சி அந்நியமில்லை.

இந்தக் காலத்தில் பாட்டு எப்படி உயிர் பிழைத்தது? எனக்கு மிகவும் ஆர்வமான பகுதி இதுதான்.

ஒலிபரப்பக் கூடாத பாட்டுகளின் பட்டியல் ஒன்று அரசாங்க ஒலிபரப்பு அலுவலகத்தில் இருந்தது. 2009இல் அது வெளியே வந்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் அதில் இருந்தன. பாடசாலையைக் கேலி செய்யும் பிங்க் ஃபுளொய்ட்டின் புகழ்பெற்ற பாட்டுக்கூட அதில் உண்டு. சார்லி கார்சியாவின் பாட்டும் உண்டு.

அந்த சார்லி 1978இல் 'செரூ ஹிரான்' என்ற புதிய குழுவைத் தொடங்கினார். 1980இல் வந்த அவர்களின் அல்பத்தில் 'அலிஸின் நாட்டுப் பாட்டு' என்று ஒன்று. கேட்டால் 'அற்புத உலகில் அலிஸ்' என்ற சிறுவர் கதை போல இருக்கும். ஆமை வரும், பெரிய மீசையுள்ள கடல் விலங்கு வரும், ராஜா வருவார். ஆனால் கேட்டவர்களுக்கு விளங்கியது. 1966இல் கவிழ்க்கப்பட்ட ஜனாதிபதி இல்லியாவைப் பத்திரிகைக் கேலிச்சித்திரங்கள் ஆமையாக வரைந்திருந்தன. அவரைக் கவிழ்த்த ஒங்கனியாவுக்கு மீசை காரணமாக அந்தக் கடல் விலங்கின் பட்டப்பெயர். அற்புதம் என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு வெறும் 'நாடு' என்று மட்டும் வைத்ததிலேயே எல்லாம் இருந்தது. தமிழ் இலக்கியம் படிப்பிக்கும்போது உள்ளுறை, இறைச்சி என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அது பரீட்சைக்கு மட்டுமான விடயமில்லை என்று எனக்கு உறைத்த இடம் இது. சில காலங்களில் உள்ளுறை உயிரைக் காப்பாற்றும்.

நேராகப் பாடியவரும் இருந்தார். லியோன் ஹியேக்கோ. கிராமத்திலிருந்து வந்தவர், கிற்றாரும் வாய் ஆர்மோனிக்காவும் அவருடைய கருவிகள். 1978இல் ஆர்ஜென்டீனாவும் அயல் நாடான சிலியும் மூன்று சிறு தீவுகளுக்காகப் போருக்குத் தயாரானபோது அவர் ஒரு பாட்டு எழுதினார். பெயர் 'சோலோ லெ பீதோ அ தியோஸ்', இறைவனிடம் இதை மட்டும் கேட்கிறேன் என்று பொருள். தலைப்பே ஒரு துஆ. வலியையும் அநியாயத்தையும் போரையும் பார்த்துவிட்டு எதுவும் உறைக்காத மனிதனாக நான் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவர் கேட்பது. பணம் கேட்கவில்லை, வெற்றி கேட்கவில்லை. இந்தப் பாட்டை விளங்கிக்கொண்ட அன்று நான் ஃபோனை வைத்துவிட்டு நீண்ட நேரம் சும்மா இருந்தேன்.

*

இப்போது 1982.

ஏப்ரல் 2ஆம் திகதி இராணுவ அரசு மல்வினாஸ் தீவுகளில் படையை இறக்கியது. அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கட்டாய சேவையில் இருந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். பிரித்தானியா எதிரியானது. உடனே வானொலிகளில் ஆங்கிலப் பாட்டுகள் நிறுத்தப்பட்டன.

அந்த இடைவெளியை எதை வைத்து நிரப்புவது? நேற்றுவரை தடை செய்த, அடித்த, பட்டியல் போட்ட அதே ரொக் பாட்டுகளை! இரவோடு இரவாக வானொலி முழுக்க ஸ்பானிஷ் ரொக். இன்றுவரை பலர், ஆர்ஜென்டீன ரொக் பெரிதாக வளர்ந்தது அந்தப் போரால்தான் என்று சொல்கிறார்கள். அது பாதி உண்மை. கதவைத் திறந்தது தடைதான். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் பதினைந்து வருட உழைப்பு தயாராக நின்றது. 1967இலிருந்து யாரும் தங்கள் மொழியில் எழுதியிருக்காவிட்டால் அன்று வானொலியில் போட எதுவும் இருந்திருக்காது.

மே 16ஆம் திகதி, படையினருக்காக உடுப்பும் உணவும் சிகரெட்டும் சேகரிக்க ஒரு பெரிய இசை நிகழ்ச்சி நடந்தது. சுமார் 60,000 பேர் வந்தார்கள். ஸ்பினெட்டா, சார்லி, ஹியேக்கோ எல்லோரும் பாடினார்கள். சமாதானம் வேண்டும் என்றுதான் பாடினார்கள். ஆனால் அரசுக்கு அந்தக் கூட்டமும் தொலைக்காட்சிப் படமும் வேண்டியிருந்தது. சேர்ந்த பொருட்களில் பெரும்பகுதி பையன்களிடம் போய்ச் சேரவே இல்லை என்று பிறகு பரவலாகப் பேசப்பட்டது.

போக மறுத்தவர்களும் இருந்தார்கள். 'வீருஸ்' என்ற குழு. அதில் பாடியவர்களும் வாசித்தவர்களும் மவுரா சகோதரர்கள். அவர்களின் மூத்த நானா 1977இல் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டவர். நானாவைக் கொண்டுபோனவர்கள் கூப்பிட்ட மேடையில் தம்பிமார் எப்படி ஏறுவது?

ஏறியவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. குளிரில் பசியோடு கிடக்கும் பிள்ளைகளுக்கு உணவு சேர்க்கிறோம் என்றால் யார்தான் மறுப்பார்? ஆனால் நல்ல மனதை ஒரு அரசு எப்படிப் பாவிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. நம் பிள்ளைகளுக்கும் அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒரு நாள் கைதட்டுவார்கள். அன்று ஏன் தட்டுகிறார்கள் என்று கேட்கவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 14ஆம் திகதி ஆர்ஜென்டீனா சரணடைந்தது. அவர்களின் பக்கம் 649 பேர் இறந்திருந்தார்கள். கால்பந்துப் பாட்டில் வரும் பையன்கள் இவர்கள்தான். நான்கு வருடம் கழித்து 1986 உலகக் கிண்ணத்தில் மரடோனா இங்கிலாந்துக்கு அடித்த இரண்டு கோல்களை அந்நாட்டு மக்கள் ஏன் வெறும் கோல்களாகப் பார்க்கவில்லை என்பதும் இப்போது விளங்கும்.

*

தோற்ற இராணுவம் போகத்தான் வேண்டியிருந்தது. 1983 அக்டோபர் 30 தேர்தல், டிசம்பர் 10ஆம் திகதி புதிய ஜனாதிபதி. அந்த வருடம் சார்லி கார்சியா நியூயோர்க்கில் வைத்துப் பதிவு செய்த 'கிளிக்ஸ் மொதெர்னோஸ்' அல்பத்தில் 'லொஸ் தினோசவுரியோஸ்' (டைனோசர்கள்) என்ற பாட்டு இருக்கிறது. ஒரு அல்பம்தான் கேட்பேன் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பாட்டு ஒரு வினைச்சொல்லின் மீது நிற்கிறது. ஸ்பானிஷில் 'தெசப்பரெசெர்' என்றால் மறைந்து போதல். அயலில் இருப்பவர்களுக்கும் நண்பர்களுக்கும் அதே சொல். கடைசியில் டைனோசர்களுக்கும் அதே சொல். யார் அந்த டைனோசர்கள் என்று அங்கே யாரும் யாருக்கும் விளக்கவில்லை. தமிழில் நாம் 'காணாமல் போனோர்' என்பதா, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதா என்று இத்தனை வருடம் வாதாடியிருக்கிறோம். போவது வேறு, ஆக்கப்படுவது வேறு. ஒரு சொல்லுக்காக ஏன் இத்தனை சண்டை என்று கேட்பவர்கள் இந்தப் பாட்டைக் கேட்க வேண்டும்.

பிறகு வந்தவர்கள் சிரிக்கவும் ஆடவும் தொடங்கினார்கள். அதுவும் தேவைதானே. 'சோடா ஸ்டீரியோ' என்ற மூவர் குழு ஸ்பானிஷ் பேசும் முழுக் கண்டத்தையும் பிடித்தது. 1990இல் வந்த அவர்களின் 'தெ மூசிக்கா லிஹேரா' பாட்டை இன்றும் மைதானங்களில் கேட்கலாம். பாடகர் குஸ்தாவோ செராட்டி 2010இல் ஒரு நிகழ்ச்சி முடிந்த கையோடு பக்கவாதத்தில் விழுந்து, நான்கு வருடம் நினைவில்லாமல் இருந்து 2014இல் இறந்தார்.

ரொசாரியோ நகரத்து ஃபீத்தோ பயேஸின் கதை இன்னொன்று. ஆம், மெஸ்ஸியின் ஊர்தான். உம்மா சிறு வயதிலேயே இறந்ததால் பாட்டியும் பாட்டி முறையான இன்னொரு உறவினருமாக வளர்த்தார்கள். 1986இல் வீட்டில் வைத்து அவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடம் அவர் வெளியிட்ட அல்பத்தில் கோபம் தவிர வேறொன்றும் இல்லை. 1992இல் 'காதலுக்குப் பின் காதல்' என்று ஒன்று வெளியிட்டார். அதுதான் அந்நாட்டு ரொக் இசையில் மிக அதிகம் விற்ற அல்பம். இடையில் இருக்கும் அந்த ஐந்து வருடங்களை யோசித்தபடி இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் அழகான கதை இல்லை. பெரிய கம்பனி எதோடும் சேராமல் தாங்களாகவே வளர்ந்த 'ரெதோந்தோஸ்' குழுவின் நிகழ்ச்சிக்கு 1991இல் போன 17 வயது மாணவன் ஒருவன் வாசலில் பொலிஸாரால் பிடிக்கப்பட்டு, சில நாட்களில் இறந்துபோனான். அந்த வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2003இல் ஆர்ஜென்டீன அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இராணுவம் போனாலும் பழக்கம் போகவில்லை.

2004 டிசம்பர் 30. 'குரோமன்யோன்' என்ற மண்டபத்தில் அளவுக்கு மிஞ்சிய கூட்டம். ரசிகர் யாரோ கொளுத்திய வாணம் கூரையில் பட்டுத் தீப்பிடித்தது. அவசர வாசல் பூட்டப்பட்டிருந்தது. 194 பேர் இறந்தார்கள், அநேகமாக எல்லோரும் இளைஞர்கள். அந்த மண்டபம் இருந்ததும் அதே ஒன்சே பகுதியில்தான். தெப்பத்தைப் பற்றிப் பாட்டுக் கட்டிய கோப்பிக் கடையிலிருந்து நடந்து போகும் தூரம். மண்டபத்தில் கலைவிழா நடத்தும் நாம் எல்லோரும், நான் உட்பட, பின்கதவு திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து நான் பார்க்கிறேன்.

*

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்:

1. முதலில் லியோன் ஹியேக்கோவின் அந்த துஆப் பாட்டு. 1982இல் நாடுகடந்த வாழ்விலிருந்து திரும்பிய மெர்சிடிஸ் சோசா பாடியதையும் கேளுங்கள். அவருடைய குரல் நம் உம்மாமாரின் குரல் போல இருக்கும்.

2. அடுத்தது 'லா பல்சா'. மூன்று நிமிடம்கூட ஆகாது. ஒரு நாட்டின் இசை அங்கிருந்து தொடங்கியது என்ற நினைவோடு கேளுங்கள்.

3. அல்மேந்த்ராவின் முதல் அல்பம். அமைதியான இரவுக்கு.

4. சூயி ஜெனரிஸ். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கும்.

5. செரூ ஹிரானின் அலிஸ் பாட்டு, அதன் பின் 'கிளிக்ஸ் மொதெர்னோஸ்' முழுமையாக.

6. சோடா ஸ்டீரியோவின் 1990ஆம் வருட அல்பம் 'கன்சியோன் அனிமல்'. பஸ் பயணத்துக்கு.

7. ஃபீத்தோ பயேஸ். அவருடைய வாழ்க்கை 2023இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது.

8. இன்றைய குரல் வேண்டுமென்றால் லா பிளாத்தா நகரத்து 'எல் மத்தோ' குழுவின் 2017 அல்பம்.

'தி லாஸ்ட் ஒஃப் அஸ்' கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு ஒரு மேலதிகச் செய்தி. அந்த கேமின் இசையை அமைத்த குஸ்தாவோ சந்தவோலாஷா 1970களில் ஆர்ஜென்டீன ரொக் குழு ஒன்றில் பாடியவர். பிறகு இரண்டு ஒஸ்கார் வாங்கினார். உங்களுக்கு அவரை ஏற்கனவே தெரியும், அவ்வளவுதான்.

மொழி விளங்காதே என்பீர்கள். எனக்கும் ஸ்பானிஷ் தெரியாது. முதலில் பாட்டைக் கேட்பேன். பிறகு வரிகளின் மொழிபெயர்ப்பைத் தேடி வாசிப்பேன். அதன்பின் திரும்பக் கேட்பேன். இரண்டாவது தடவை கேட்பது வேறு பாட்டாக இருக்கும்.

*

கடைசியாக, இதையெல்லாம் ஒரு தமிழ் ஆசிரியன் ஏன் எழுதுகிறான்?

ஊருக்குள் வெள்ளம் வந்த வருடம் பிள்ளைகளிடம் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். நாற்பது கொப்பியிலும் 'இயற்கை அன்னையின் சீற்றம்' என்றே இருந்தது. டியூஷன் குறிப்பில் வந்த வசனம். தண்ணீர் தங்கள் வீட்டுக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள், யாரோ எழுதிய வெள்ளத்தை எழுதித் தந்தார்கள். புள்ளியும் போட்டேன். அதுதான் வெட்கம்.

மனால் குழுவின் புறநகர்ப் பாட்டைக் கேட்ட பிறகு திரும்பவும் அதே தலைப்பைக் கொடுத்தேன். உங்கள் வீட்டில் கதைப்பது போல எழுதுங்கள், பிழை பார்க்க மாட்டேன் என்றேன். ஒரு பிள்ளை எழுதியது: "உம்மா முதல்ல குர்ஆனை அலுமாரிக்கு மேல வெச்சா. பிறகு அரிசி மூட்டையைக் கட்டில்ல ஏத்தினா. அதுக்குப் பிறகுதான் எங்களை எழுப்பினா."

மூன்று வசனம். முழு வெள்ளமும் அதற்குள் இருக்கிறது.

அந்தக் கழிவறைக்குள் கிற்றாரோடு போன இரண்டு பையன்களிடமும் எந்த வசதியும் இருக்கவில்லை. வடிவம் இரவல், கருவி இரவல். மொழியும் தங்களுக்கு நடந்ததும் மட்டும்தான் சொந்தம். அதை விடாமல் வைத்திருந்ததால் பேசவே முடியாத ஏழு வருடங்களை அவர்கள் பேசியபடி கடந்தார்கள். நம் பிள்ளைகள் பாடுகிறார்களோ, எழுதுகிறார்களோ, ராப் சொல்கிறார்களோ, வீடியோ எடுக்கிறார்களோ, அது வேறு விடயம். வீட்டு மொழியில் வீட்டுக் கதையைச் சொன்னால் அதைத் திருத்த சிவப்புப் பேனாவை உடனே எடுக்காதீர்கள். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பி.கு: தோளில் ஏறிய அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லிவிட்டேன். மல்வினாஸ் பையன்களின் கதையைக் கேட்டுவிட்டு, "சேர், அவங்க எங்கட நானாட வயசு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஜேர்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.